மண்டையோட்டின் கணிதமும் ராயபுரத்துக் கைகளும்

1. கேள்வி

படவழி அறுவை சிகிச்சையைப் பற்றித் தமிழில் வரும் எழுத்து அநேகமாக இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, கருவி வந்திறங்கிய செய்தி: இன்ன மருத்துவமனையில் இத்தனை கோடிக்கு இன்ன இயந்திரம், அமைச்சர் தொடங்கிவைத்தார். மற்றது, மாணவர் சாதனைச் செய்தி: இன்ன கல்லூரி மாணவர்கள் இன்ன போட்டியில் பரிசு வாங்கினார்கள், அவர்களுடைய மென்பொருள் கட்டி இருக்கும் இடத்தை ஒரு மில்லிமீட்டர் பிழைக்குள் காட்டுகிறது. இரண்டிலும் எண் இருக்கும். அந்த எண்ணை எங்கே வைத்து அளந்தார்கள் என்ற கேள்வி இருக்காது.

அந்தக் கேள்வியை வடசென்னையில் நின்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ராயபுரத்தில் தொடங்கி காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரம் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைக்கும் பகுதி. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., கார்போரண்டம் யுனிவர்சல், பழைய என்ஃபீல்டு ஆலை. அவற்றை ஒட்டி வளர்ந்த லேத் பட்டறைகள், பிரஸ் ஷாப்புகள், கன்டெய்னர் யார்டுகள். காசிமேட்டில் விசைப்படகுகளின் வின்ச்சுகள். இயந்திரத்தின் வாய்க்குப் பக்கத்தில் எப்போதும் இருப்பது கை. அது நசுங்கினால் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடும் இடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி.

ஒரு வரையறையைச் சொல்லிவிட வேண்டும். திறந்து பார்க்காமல், அல்லது திறந்தும் கண்ணுக்கு எட்டாத இடத்தில், ஒரு படத்தை நம்பிக் கத்தியையோ ஊசியையோ கம்பியையோ செலுத்தும் எல்லாவற்றையும் படவழி அறுவை என்றே இங்கு குறிப்பிடுகிறேன். ஆய்வுலகம் இந்தப் பெயரைக் கணினி வழிகாட்டிகளுக்கும் ரோபோக்களுக்கும் ஒதுக்கிவைக்க விரும்புகிறது. அப்படி ஒதுக்கினால் எக்ஸ்ரே திரையைப் பார்த்து எலும்புக்குள் கம்பி செலுத்தும் அன்றாட வேலை முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். வடசென்னையின் படவழி அறுவையில் பெரும்பகுதி அதுதான்.

2. மண்டையோட்டில் பிறந்த துறை

1908இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும் விலங்கின் மண்டையோட்டில் பொருத்தும் ஒரு சட்டகத்தைச் செய்தார்கள். நீளம், அகலம், ஆழம் என மூன்று எண்களைக் கொடுத்தால் மூளைக்குள் எந்த இடத்துக்கும் ஊசி போய்ச் சேரும். மனித மூளைக்கு அந்த முறை வர 1947 ஆயிற்று. பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும் செய்தார்கள். மண்டையோட்டைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. உடம்பில் அதைப்போல் கெட்டியான, மூடிய, உருமாறாத இன்னொரு பெட்டி கிடையாது. அதற்குள் இருக்கும் பொருளுக்கு மூன்று எண்களால் முகவரி எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தப் பெட்டியின் கெட்டித்தன்மையிலிருந்து வந்தது.

இந்த வரலாற்றில் சென்னைக்கு உள்ள இடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மேலைநாட்டில் முளைத்த நுட்பம் காலந்தாழ்ந்து இங்கே வந்து சேர்ந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை. இத்துறையைப் பொறுத்தவரை அது சரியல்ல. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960களில் அவரும் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோரும் சட்டகம் பொருத்தி மூளையின் ஆழத்தில் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். சி.டி. ஸ்கேன் அப்போது உலகில் எங்கும் இல்லை. மூளையின் நீர் அறைகளுக்குள் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். ஃபிலிமில் அறையின் விளிம்பு நிழலாக விழும். அந்த நிழலில் இரண்டு குறிகளைக் கண்டுபிடித்து, அளவுகோல் வைத்து அளந்து, மூளை வரைபட நூலோடு ஒப்பிட்டு, கண்ணுக்கே தெரியாத இலக்கின் முகவரியைக் கணக்கிடுவார்கள். 1968இல் எம்.சிஎச். முடித்த கனகா (1932–2018) ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவர். 1975இல் மூளைக்குள் நீண்டகால மின்முனைகளைப் பொருத்தியவர்.

பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியாத பகுதி ஒன்றும் இதில் உண்டு. நடுக்கவாதத்துக்கு மட்டுமல்லாமல், கட்டுக்கடங்காதவர்கள் என்று சொல்லப்பட்டவர்களை அமைதிப்படுத்தவும் அக்குழு மூளையின் ஆழப் பகுதிகளில் அறுவை செய்தது. அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஊசி குறித்த இடத்துக்குச் சரியாகப் போயிற்றா என்பது அங்கே இரண்டாம் கேள்விதான். அந்த இடத்துக்கு ஊசி போகத்தான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. துல்லியம் முதல் கேள்விக்குப் பதில் ஆகாது என்பதற்கு நம் ஊரிலேயே கிடைக்கும் சான்று அது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1986இல் அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் டேவிட் ராபர்ட்ஸும் உடன் ஆய்வாளர்களும் சட்டகமே இல்லாமல், அறுவை நுண்ணோக்கியின் இருப்பிடத்தைக் கணினிக்குச் சொல்லி, ஸ்கேன் படத்தை அதோடு பொருத்திக் காட்டினார்கள். இன்று மருத்துவமனைகளில் விற்கப்படும் வழிகாட்டிக் கருவிகளெல்லாம் அந்த வம்சம். சட்டகம் போனது, மண்டையோடு கொடுத்த நம்பிக்கை போகவில்லை. படத்தில் உள்ள பொருளும் மேசையில் உள்ள பொருளும் உருமாறாத ஒரே கெட்டிப் பொருள் என்பதுதான் அந்தக் கணிதத்தின் முதல் வரியாக இன்றும் இருக்கிறது.

3. திரை சொல்லும் 0.7

அந்தக் கணிதத்தை எளிமையாகச் சொல்ல முடியும். நோயாளியின் தோலிலோ எலும்பிலோ சில அடையாளப் புள்ளிகளை ஒட்டி ஸ்கேன் எடுப்பார்கள். அறுவை அரங்கில், கேமரா பின்தொடரும் ஒரு சுட்டுகோலால் அதே புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார்கள். படத்திலுள்ள புள்ளிகள் உடம்பிலுள்ள புள்ளிகளின் மேல் எவ்வளவு நெருக்கமாக உட்காருகின்றன என்று கணினி பார்க்கும். மிச்சமாகும் சராசரி இடைவெளியைத் திரையில் காட்டும். மாணவர் ஆய்வறிக்கைகளில் பெருமையோடு இடம்பெறும் மில்லிமீட்டர் கணக்கு அடிக்கடி இந்த இடைவெளிதான்.

ஆனால் மருத்துவர் அடையாளப் புள்ளியை அறுக்கப் போவதில்லை. அவருக்கு வேண்டியது, புள்ளிகளிலிருந்து விலகி உள்ளே எங்கோ இருக்கும் இலக்கில் எவ்வளவு பிழை என்பது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் இந்த இரண்டு பிழைகளுக்கும் உள்ள உறவைச் சூத்திரமாக்கினார்கள். அதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 புள்ளிகள், ஒவ்வொன்றையும் குறிப்பதில் 1 மி.மீ. பிழை. திரையில் எதிர்பார்க்க வேண்டிய எண் சுமார் 0.7. புள்ளிகளின் நடு மையத்தில் உண்மைப் பிழை 0.5தான், திரை சொல்வதைவிடக் குறைவு. இப்போது இலக்கு மையத்திலிருந்து 120 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகள் அச்சுகளிலிருந்து 40 மி.மீ. அளவுக்குப் பரவலாக ஒட்டப்பட்டிருந்தால் இலக்கில் பிழை 1.3 மி.மீ. இடமில்லை என்று 20 மி.மீ. பரவலுக்குள் நெருக்கி ஒட்டியிருந்தால் 2.5 மி.மீ. மூன்று நிலையிலும் திரை சொல்வது மாறாமல் அதே 0.7.

ஃபிட்ஸ்பாட்ரிக் 2009இல் இன்னும் ஒரு படி போனார். ஒரே அமைப்பில் திரையின் எண் இன்று 0.5 என்றும் நாளை 0.9 என்றும் வந்தால், முதல் நாள் இலக்குக்கு அருகில் இருந்தோம் என்று ஊகிக்கக்கூட வழியில்லை. இரண்டு பிழைகளுக்கும் தொடர்பே இல்லை என்று காட்டினார். துறைக்குள் இருப்பவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி. அப்படியிருந்தும் பரிசுப் பட்டியல்களும் செய்திக் குறிப்புகளும் விற்பனைத் தாள்களும் முதல் எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கின்றன. காரணம் சூழ்ச்சி ஒன்றுமில்லை. அளக்க வசதியான இடத்தில் அளக்கிறார்கள். புள்ளி வெளியே இருக்கிறது, தொட முடியும். இலக்கு உள்ளே இருக்கிறது, தொட முடியாது.

ஒரே கெட்டிப் பொருள் என்ற அந்த முதல் வரி மண்டையோட்டுக்குள்ளேயே தடுமாறும். மூளையின் உறையைத் திறந்து நீர் வடிந்ததும் மூளை அமிழ்ந்துபோகிறது. மேற்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடம் பெயர்வது அளந்து பதிவாகியிருக்கிறது. காலையில் எடுத்த ஸ்கேன் அந்த நேரத்துக்குப் பழைய வரைபடமாகிவிடும். பெட்டி மட்டும்தான் கெட்டி, உள்ளிருப்பது அல்ல.

4. கையில் 27 எலும்பு

1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தோடு ஸ்டான்லியின் பூர்வகதை பிணைந்திருக்கிறது; கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்ற பழம்பெயர் அதனால் வந்தது. ராயபுரம் மருத்துவப் பள்ளியாக இருந்து, 1930களில் ஆளுநர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938இல் மருத்துவக் கல்லூரி ஆனது. நம் கேள்விக்கு முக்கியமான ஆண்டு 1971. பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஆர். வெங்கடசாமி அந்த ஆண்டில் கைக்காயங்களுக்கென்றே தனிப்பிரிவு ஒன்றை அங்கே தொடங்கினார். இந்தியாவில் அந்த மாதிரியான முதல் பிரிவு என்று அது குறிப்பிடப்படுகிறது. துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் நடுவே அது உருவானதில் வியப்பில்லை.

ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. ஒவ்வொன்றும் அடுத்ததை விட்டு அசையக்கூடியது. படத்தில் இருப்பதும் மேசையில் இருப்பதும் ஒரே கெட்டிப் பொருள் என்ற முதல் வரி இங்கே செல்லுபடியாகாது. விரலெலும்பின் அகலத்தில் அடையாளப் புள்ளி திருகவும் இடமில்லை. திருகினால் அந்தத் திருகே எலும்பைப் பிளக்கும். மணிக்கட்டின் படகெலும்புக்குக் கணினி வழிகாட்டலை முயன்றவர்கள் இருக்கிறார்கள்; கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகக் குழு அதில் பல ஆண்டுகள் உழைத்தது. அவர்களுடைய வேலையில் பெரும்பங்கு மணிக்கட்டை அசையாமல் பிடித்துவைப்பதற்கே போயிற்று. கையை மண்டையோடு ஆக்கினால்தான் கணிதம் ஓடும்.

எனவே கை அறுவை அரங்குகளில் நடப்பது வேறு. பிரஸ்ஸில் மாட்டி உள்ளங்கை எலும்பு முறிந்த ஒரு கையை எடுத்துக்கொள்வோம். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே வளைவை, நம் ஊர் தியேட்டர்களில் ஐஐடிவி என்பார்கள், மேசைப் பக்கம் உருட்டிக்கொண்டு வருவார்கள். சிலர் வளைவைத் தலைகீழாக்கி, படம் வாங்கும் தட்டின் மேலேயே ஸ்டெரைல் துணி விரித்துக் கையை வைத்துக்கொள்வார்கள். அறுவை மருத்துவர் ஒரு கையால் முறிவை இழுத்துச் சேர்த்துப் பிடித்திருக்க, மறுகையில் டிரில். ஒரு மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட பருமனுள்ள கே-வயர் எலும்பின் வழுக்கும் புறச்சுவரில் நழுவும். ஒரு ஷாட். கம்பி சற்று மேலே போய்விட்டது. இழுத்துக்கொண்டு மறுபடி, இன்னொரு ஷாட். நேர்ப்படத்தில் நடுவில் நிற்கும் கம்பி, கையைத் திருப்பிப் பக்கவாட்டில் பார்த்தால் எலும்புக்கு வெளியே இருக்கும். இரண்டு தட்டைப் படங்களிலிருந்து ஒரு பருப்பொருளை மனத்துக்குள் கட்டிக்கொண்டே அவர் வேலை செய்கிறார். மார்ட்டின் கிர்ஷ்னர் 1909இல் அறிமுகப்படுத்திய கம்பி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இதில் அதிகம் மாறவில்லை.

இதற்குப் பிறகு வரும் ஒரு நிமிடம் இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது. கம்பி சரியாக நின்றதும் மருத்துவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, நோயாளியின் விரல்களை மெல்ல மடக்கிப் பார்ப்பார். மடங்கிய விரல்கள் எல்லாம் மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்து மேட்டை நோக்கிச் சாய வேண்டும். ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால், எலும்பு தன் அச்சில் முறுக்கிக்கொண்டு சேர்ந்திருக்கிறது என்று பொருள். உள்ளங்கை எலும்பில் 5 பாகை முறுக்கு விரல் நுனியில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்கீடாகும் என்பது மாணவர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு. அந்த 5 பாகையை எக்ஸ்ரே படத்தில் பார்த்துப் பிடிப்பது கடினம். படம் அழகாக இருக்கும்; விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஸ்பேனரைப் பிடிக்க வேண்டியவருக்கு அது வாழ்நாள் தொந்தரவு.

எண்ணை வேறோர் இடத்தில் அளக்கும் பழக்கம் மருத்துவர் பக்கமும் உண்டு. கதிர்வீச்சுக்கு நடுவே வேலை செய்பவர் லெட் ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் அணிகிறார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, முழு உடம்புக்கு 5 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் கூடாது. கைகளுக்கு வரம்பு 500. மார்பு பேட்ஜ் சொல்லும் எண் மார்புக்கு உரியது. முறிவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் விரல்களோ கதிர்க்கற்றைக்குள்ளேயே இருக்கின்றன. மணிக்கட்டிலோ விரலிலோ தனி பேட்ஜ் போட்டாலன்றி அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. கண்ணின் ஆடிக்கு உரிய வரம்பை சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2011இல் ஆண்டுக்கு 150இலிருந்து 20ஆகக் குறைத்தது. அதுவரை பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட அளவே கண்புரைக்குப் போதும் என்று தெரிந்ததால்தான்.

சட்டம் அளக்கும் இடம் இன்னொன்று. 2025 வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், சுட்டுவிரல் முழுதும் போனால் 14, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. போனதற்குத்தான் அட்டவணை. எலும்பு சேர்ந்து, விரல் இருந்தும் மடங்காமல் விறைத்துக் கிடந்தால், அதை மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவருக்கு அந்தச் சான்றிதழ் வாங்குவதே தனிப் போராட்டம். அவருக்குத் தேவைப்படும் அளவு மில்லிமீட்டரிலும் இல்லை, சதவீதத்திலும் இல்லை: விரல் எவ்வளவு மடங்குகிறது, எந்த மாதம் வேலைக்குத் திரும்பினார் என்பதே.

5. கருவி இல்லாத ஆய்வு

ராயபுரத்திலிருந்து உலகப் பாடப்புத்தகங்களுக்குப் போன ஆய்வு ஒன்று உண்டு. வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் 1980இல் அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை ஆய்விதழில் வெளியிட்டது. விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால், எலும்பைச் சுருக்காமல், வேறு இடத்துத் தோலைக் கொண்டுவராமல், அதே விரலின் பக்கத்திலிருந்து சாய்ந்த முக்கோண வடிவில் தோலையும் அதன் நரம்பு ரத்தக்குழாயையும் சேர்த்து முன்னுக்கு நகர்த்தி மூடும் முறை. உணர்ச்சி கெடாத விரல் நுனி கிடைக்கும். கை அறுவை கற்கும் வெளிநாட்டு மாணவர்களும் இன்று அதை வெங்கடசாமி மடல் என்று படிக்கிறார்கள்.

இதைப் படவழி அறுவையோடு சேர்த்துப் பேசுவது பொருத்தமா என்று கேட்கலாம். அந்த ஆய்வில் திரையும் இல்லை, மென்பொருளும் இல்லை. நான் இங்கே கொண்டுவருவது நுட்பத்துக்காக அல்ல, கேள்வி பிறந்த இடத்துக்காக. வெட்டு நேராக இருந்தால் மூட வேறு முறைகள் முன்பே இருந்தன. சாய்ந்த வெட்டுக்குத்தான் வழி தேவைப்பட்டது. அது ஒரு வார்டில் திரும்பத் திரும்ப வந்ததால் கண்ணில் பட்டது. வெற்றியின் அளவுகோலும் காயத்திலிருந்தே எடுக்கப்பட்டது: நுனியில் தொடு உணர்ச்சி இருக்கிறதா, விரலின் நீளம் மிஞ்சியதா. இலக்கிலேயே அளந்தார்கள்.

6. மாணவர் சாதனை எனப்படுவது

நகரின் தென்கோடியில், ஐ.ஐ.டி. வளாகத்தை ஒட்டிய ஆய்வுப் பூங்காவில், 2011இல் தொடங்கிய உடல்நலத் தொழில்நுட்பப் புத்தாக்க மையம் மருத்துவக் கருவி ஆய்வில் நாட்டின் முக்கியமான இடங்களில் ஒன்று. 2023இல் ஐ.ஐ.டி. மருத்துவ அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்குமான தனித்துறையைத் தொடங்கியது. அதே வளாகத்தின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாக முப்பரிமாணத்தில் வெளியிட்டது. உலக அளவில் பேசப்பட்ட வேலை. 2005இல் சென்னையில் தொடங்கிய பெர்ஃபின்ட் நிறுவனம், சி.டி. படத்தைக் கொண்டு நுரையீரல், கல்லீரல் கட்டிகளுக்குள் ஊசியை வழிநடத்தும் ரோபோக்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் விற்றது. இந்த நகரத்தில் ஆற்றலுக்குக் குறைவு இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மூளை, கல்லீரல், நுரையீரல் என்று போகும் வரிசையில் நசுங்கிய கை எங்கே வருகிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

மாணவர்கள் பக்கம் வருவோம். 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் போன்ற போட்டிகளும் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளும் மருத்துவப் படங்களைத் தாராளமாக எடுத்துக்கொள்கின்றன. படங்கள் எங்கிருந்து வருகின்றன? இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் தொகுப்புகளிலிருந்து. மூளைக் கட்டி என்றால் 2012இலிருந்து நடக்கும் பிராட்ஸ் போட்டியின் எம்.ஆர்.ஐ. தொகுப்பு, லேப்ராஸ்கோப்பி என்றால் கோலெக்-80, அதாவது பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் 13 மருத்துவர்கள் செய்த 80 பித்தப்பை அறுவைகளின் வீடியோ. திருவொற்றியூரில் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி ஸ்ட்ராஸ்பூர்க் நோயாளியின் பித்தப்பையில் 90 சதவீதத் துல்லியம் காட்டிப் பரிசு வாங்குகிறாள். அதில் தவறில்லை, பயில்வதற்கு வேறு தரவு இல்லை. அவளுடைய திறமை உண்மையானது. ஆனால் அந்தத் துல்லியமும் ஃபிட்ஸ்பாட்ரிக் சொன்ன வகைதான். அடையாளப் புள்ளியில் எடுத்த அளவு அது.

இன்னொரு பக்கம், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒவ்வொரு முதுநிலை மருத்துவ மாணவரும் ஆய்வேடு ஒன்று எழுதியே தீர வேண்டும். நோயாளி அவர் முன்னால் இருக்கிறார், கணக்கெடுக்கும் கட்டாயமும் இருக்கிறது. கணிதமும் மென்பொருளும் அவரிடம் இல்லை. பொறியியல் மாணவியிடம் அவை இருக்கின்றன, நோயாளி இல்லை. இருவருடைய ஆய்வேடுகளும் தனித்தனியாக பைண்டு செய்யப்பட்டுத் தனித்தனி நூலகங்களில் அடுக்கப்படுகின்றன. நம் பல்கலைக்கழக முறையில் இந்த இருவரும் ஒரே ஆய்வேட்டில் கையெழுத்திடுவது அரிது.

ஒப்பிட ஒன்று சொல்லலாம். படவழி அறுவை ஆய்வில் இன்று உலகமெங்கும் இலவசமாகப் புழங்கும் 3டி ஸ்லைசர் மென்பொருள், 1990களின் இறுதியில் எம்.ஐ.டி. மாணவர் டேவிட் கெரிங் முதுநிலைப் பட்டத்துக்காகச் செய்த வேலையிலிருந்து முளைத்தது. அவர் பாஸ்டனின் பிரிகம் மருத்துவமனை அறுவைத் திட்ட ஆய்வகத்தோடு சேர்ந்து, எம்.ஆர்.ஐ. கருவிக்கு உள்ளேயே அறுவை நடக்கும் அரங்கை மனத்தில் வைத்து அதை எழுதினார். அவருக்குப் பரிசு கிடைத்ததா என்பது யாருக்கும் நினைவில்லை. பிற்பாடு குயின்ஸின் பெர்க் ஆய்வகம் அதன்மேல் ஊசி வழிகாட்டலுக்கான தொகுப்பைக் கட்டி அதையும் இலவசமாக விட்டது. எண்ணூரில் ஒரு லேப்டாப் இருந்தால் அந்த இரண்டையும் இன்றிரவே இறக்கிக்கொள்ளலாம். ஆக, கருவி எட்டாத தூரத்தில் இருக்கிறது என்ற பழைய சமாதானம் இனி எடுபடாது.

7. எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் இரண்டைப் பொருட்படுத்த வேண்டும்.

முதலாவது, தண்டுவடத்திலும் மூளையிலும் வழிகாட்டிக் கருவிகள் உண்மையிலேயே உயிரையும் காலையும் காப்பாற்றுகின்றன. கைக்குப் பொருந்தவில்லை என்பதற்காக அவற்றைக் குறைசொல்லக் கூடாது. இதை முழுமையாக ஏற்கிறேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி முதுகெலும்பு உடைந்து வருபவருக்கும் அந்தக் கருவி வேண்டும். என் ஆட்சேபம் கருவியின் மேல் அல்ல, அதன் எண்ணை வாசிக்கும் விதத்தின் மேல்.

இரண்டாவது, பணம். ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022இல் ஏறத்தாழ 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை மையம் வந்தது. அரசு செலவழிக்கத் தயங்கவில்லை, படிப்படியாக எல்லா இடத்துக்கும் வரும் என்பார்கள். வரலாம். ஆனால் கே-வயர் போடுவதில் தேவைப்படும் ஷாட்டுகளைப் பாதியாக்குவதற்கு ரோபோ வேண்டும் என்று யாரும் இன்னும் நிறுவவில்லை. ஒரு விரலுக்கு எத்தனை ஷாட், எத்தனை வினாடி, முதல் வருட மாணவருக்கும் மூத்தவருக்கும் எவ்வளவு வித்தியாசம், மருத்துவரின் விரலில் பேட்ஜ் எவ்வளவு காட்டியது: இதற்கு வேண்டியது நோட்டுப் புத்தகமும் விரல் பேட்ஜுகளும். மடங்கிய விரல்களின் சாய்வை சாதாரண கேமரா ஒன்றால் அளந்து 5 பாகை முறுக்கை அரங்கிலேயே சொல்ல முடியுமா என்பது, என் பார்வையில், இறுதியாண்டு மாணவி ஒருத்தி ஒரு வருடத்தில் தொட்டுப் பார்க்கக்கூடிய நல்ல கேள்வி. மண்டையோட்டின் கணிதம் அதற்கு உதவாது. மூட்டுகளால் கோத்த பொருளுக்கான வேறு கணிதம் வேண்டும். அது ரோபோக் கைகளைச் செய்பவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சிக்கல் இருக்கும் இடம் வேறு. ஸ்ட்ராஸ்பூர்க்கைப்போல ராயபுரத்துக்கும் ஒரு படத்தொகுப்பு வேண்டுமென்றால், முதலில் படங்கள் சேமிக்கப்பட வேண்டும். சி-ஆர்மில் எடுக்கும் ஷாட்டுகள் பல அரங்குகளில் அடுத்த ஷாட் வந்ததும் அழிந்துபோகின்றன. கடைசி இரண்டு மட்டும் பதிவேட்டுக்குப் போகும். நழுவிய கம்பிகளின் படங்கள், ஒரு மாணவர் கற்க வேண்டியதெல்லாம் இருக்கும் படங்கள், மிஞ்சுவதில்லை. சேமித்தாலும் அது யாருடையது? இரவு ஷிஃப்டில் கை நசுங்கி, வலியில், கூட வந்த மேஸ்திரி பக்கத்தில் நிற்க, காகிதத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கும் ஒருவரின் ஒப்புதலை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் தன்விருப்பமாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த மேஸ்திரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப் பிரிக்க வரும் நாளில், விரல் மடங்கத் தொடங்கிய பிறகு, தமிழில் விளக்கி மறுபடி கேட்பது ஒரு வழி. அப்போது அவர் வேண்டாம் என்றால் படத்தை அழித்துவிட வேண்டும். ஆய்வுக்கு அது இழப்பு. அந்த இழப்பை முன்கூட்டியே கணக்கில் எழுதிக்கொண்டுதான் ராயபுரத்தின் தொகுப்பைத் தொடங்க முடியும்.